64-பிட் டெபியனில் 32-பிட் பிரிண்டர் டிரைவர்: கட்டாயப்படுத்தி நிறுவினால் போதாதா?

2025 செப்டம்பர் 14, மாலை 6.10: வந்த கேள்வி

கடையில் பில் அடிக்கும் கணினியில் டெபியன் 13 லினக்ஸ் போட்டிருக்கிறேன், 64-பிட். பிரிண்டருக்கு அதைச் செய்த நிறுவனம் தருவது இரண்டே டெப் கோப்புகள், அதாவது டெபியனில் நிறுவுவதற்கான பொதிகள் (பேக்கேஜ்). ஒன்று டிரைவர், அது ஐ386, அதாவது 32-பிட் வகை. இன்னொன்று பொதுவான கோப்புகள். டிரைவரைக் கொடுத்தால், டெப் கோப்பை நிறுவும் டிபிகேஜி, "பொதியின் வகை ஐ386, இந்தக் கணினியின் வகை ஏஎம்டி64, பொருந்தவில்லை" என்று திருப்பி அனுப்புகிறது. (இன்டெல்லானாலும் 64-பிட் வகைக்கு டெபியனில் ஏஎம்டி64 என்றுதான் பெயர்.) ஃபோர்ஸ்-ஆர்க்கிடெக்சர் என்று ஒரு விருப்பம் இருக்கிறதே, அதைப் போட்டு நிறுவினால் போதாதா? இந்த இன்டெல் புராசசர் 32-பிட் நிரலையும் ஓட்டும்தானே? பிறகு எதற்கு நிறுவிகளுக்கு இவ்வளவு பிகு?

செப்டம்பர் 14, இரவு 8.35

போதும். நானே பல தடவை செய்திருக்கிறேன்.

செப்டம்பர் 14, இரவு 11.20

மேலே எழுதியதை நம்பி யாரும் கட்டளையைத் தட்டியிருக்க வேண்டாம். சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அந்தப் பல தடவைகளில் முதல் தடவை நினைவுக்கு வந்தது.

2010. ஓர் அலுவலகத்தில் இதே கதை: 64-பிட் கணினி, 32-பிட் டிரைவர். கட்டாயப்படுத்தினேன், டிபிகேஜி சத்தமில்லாமல் நிறுவியது. அந்த டெப் கோப்பில் சார்பு, அதாவது "நான் ஓட இன்ன பொதி வேண்டும்" என்று ஒரு வரிகூட எழுதப்படவில்லை. ஆகவே அதற்குக் கேட்பதற்கும் ஒன்றும் இல்லை. அச்சு மட்டும் வரவில்லை. அச்சிட வேண்டியதைப் பிரிண்டருக்குப் புரியும்படி மாற்றித் தரும் வடிகட்டி நிரல் டிரைவருக்குள் இருந்தது, அதைக் கையால் ஓட்டிப் பார்த்தேன். "அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை" என்றது, தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ். கோப்புப் பட்டியல் காட்டும் எல்எஸ் போட்டால் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது, அனுமதி சரி, உரிமையாளர் சரி. மறுபடி ஓட்டினால் "இல்லை". அரை நாள் போயிற்று.

இல்லாமல் போனது அந்த நிரல் அல்ல, அதை ஏற்றிவிடுகிற நிரல். லினக்ஸின் நிரல் வடிவமான எல்ஃப் கோப்பு, ஓடும்போது வேறு கோப்புகளின் துணையைத் தேடுகிற வகையாக இருந்தால், அதன் தலைப்பகுதியில் "என்னை ஏற்ற இன்னாரைக் கூப்பிடு" என்று ஒரு பாதை எழுதியிருக்கும். 64-பிட் நிரலில் அது எல்டி-லினக்ஸ்-எக்ஸ்86-64, லிப்64 அடைவில். 32-பிட் நிரலில் எல்டி-லினக்ஸ்.எஸ்ஓ.2, லிப் அடைவில். இரண்டாவது என் கணினியில் இல்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னல் அதைத் தேடிவிட்டு "இல்லை" என்றது. பாஷ் அந்த "இல்லை"யை எடுத்து என் நிரலின் பெயருக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டது. அந்தத் தலைப்பகுதியைப் படித்துக்காட்டும் ரீட்எல்ஃப் கட்டளையை எல் விருப்பத்துடன் ஓட்டியிருந்தால் ஒரே நொடியில் தெரிந்திருக்கும். அப்போது அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆகவே புராசசர் ஓட்டும் என்பது உண்மைதான், ஆனால் அது மட்டும் போதாது. நிரலுக்கு ஏற்றுபவர் வேண்டும், 32-பிட் சி லைப்ரரி (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் துணை நிரல் தொகுப்பு) வேண்டும், அது கூப்பிடுகிற மற்ற லைப்ரரிகள் வேண்டும், எல்லாமே 32-பிட்டில். ஃபோர்ஸ் இதில் எதையும் கொண்டுவந்து தராது. கதவைத் திறந்துவிட்டுப் போய்விடும்.

செப்டம்பர் 15, காலை 7.05

ஒரு திருத்தம். பாஷ் 5.2 முதல் அந்தச் செய்தியை மாற்றிவிட்டார்கள். "ஓட்ட முடியவில்லை, தேவையான கோப்பு கிடைக்கவில்லை" என்கிறது. 15 வருடம் முன்பு இதைச் சொல்லியிருந்தால் எனக்கு அரை நாள் மிச்சம். பாஷ் இல்லாமல் வேறொரு நிரல் நேராக எழுப்பும்போது இந்தக் கருணை கிடையாது, பழைய "இல்லை"தான்.

செப்டம்பர் 15, இரவு 9.50

கேட்டவருக்குச் செய்ய வேண்டியது இது. டிபிகேஜியின் ஆட்-ஆர்க்கிடெக்சர் விருப்பத்தில் ஐ386 என்று கொடுங்கள். பிறகு, வேண்டிய பொதிகளைக் களஞ்சியத்திலிருந்து தானே இறக்கும் ஆப்ட் நிறுவியில் அப்டேட். பிறகு டெப் கோப்பை டிபிகேஜியிடம் அல்ல, ஆப்டிடம் கொடுங்கள். கோப்பின் பெயருக்கு முன்னால் புள்ளியும் சாய்கோடும் மறக்க வேண்டாம். வேண்டிய 32-பிட் லைப்ரரிகளை அதுவே இழுத்து வரும்.

முதல் கட்டளை செய்வது அற்பமான வேலை: வார்/லிப்/டிபிகேஜி அடைவில் ஆர்க் என்றொரு சின்னக் கோப்பில் ஏஎம்டி64, ஐ386 என்று இரண்டு வரி எழுதிவைக்கிறது, அவ்வளவுதான். அந்த இரண்டாவது வரிக்குப் பொருள் வருவதற்குத்தான் வருடக்கணக்கில் ஆயிற்று.

அதற்கு முன்னால் ஐஏ32-லிப்ஸ் என்று ஒரு பொதி இருந்தது. வேண்டிய 32-பிட் லைப்ரரிகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி, 64-பிட் பொதி என்று பெயர் எழுதி அனுப்பியது. உள்ளே நூற்றுக்கணக்கான எம்பி. அதில் ஒரு லைப்ரரிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால் மூட்டை முழுவதையும் அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். யாராவது கட்டும்வரை ஓட்டை அப்படியே இருக்கும். உங்களுக்கு வேண்டிய லைப்ரரி மூட்டைக்குள் இல்லையென்றால் உங்கள் பாடு.

இன்னொரு லினக்ஸ் குடும்பமான ரெட் ஹாட் பக்கம் வேறு வழி: 32-பிட்டுக்கு லிப், 64-பிட்டுக்கு லிப்64. இரண்டே இரண்டு வகை இருக்கும்வரை நன்றாக ஓடும். இரண்டு வகைப் பொதிகளும், நிரல்களை வைக்கும் "பின்" என்ற அடைவில் ஒரே பெயரில் நிரலைக் கொண்டுவந்தால், எக்ஸ்86-64இல் அங்குள்ள நிறுவியான ஆர்பிஎம் 64-பிட் நிரலை வைத்துக்கொள்ளும். எனக்கு இதில் குறை சொல்ல மனமில்லை, அந்த இரண்டு வகை உலகத்தில் இது கச்சிதம். மூன்றாவதாக, கைபேசிகளில் இருக்கும் ஆர்ம் புராசசர் வந்து நின்றால் அதற்கு எந்த லிப் என்பதுதான் சிக்கல்.

டெபியன்காரர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பெயரைப் பிடித்தார்கள். யூஎஸ்ஆர்/லிப் அடைவுக்குள் ஐ386-லினக்ஸ்-க்னு, எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னு, ஏஆர்ச்64-லினக்ஸ்-க்னு என்று வகைக்கு ஒரு வீடு. எத்தனை வந்தாலும் இடம் உண்டு. டெபியனிலிருந்து கிளைத்த உபுண்டுவில் இதை முன்னின்று நடத்தியவர் ஸ்டீவ் லாங்காசெக், அதன் 11.04 பதிப்பில் லைப்ரரிகள் புது வீட்டுக்குக் குடிபோகத் தொடங்கின. டெபியனில் இது பயனுக்கு வந்தது 2013 மே மாதம் வெளிவந்த 7ஆம் பதிப்பான வீஸியில்.

செப்டம்பர் 15, இரவு 10.15

சொல் பற்றி ஒரு புலம்பல். பேக்கேஜுக்குப் பொதி என்று எழுதும்போதெல்லாம் எனக்குக் கழுதை நினைவுக்கு வருகிறது. இந்த இழைக்கு அது பொருத்தம்தான். எந்தக் கழுதைமேல் எந்தப் பொதி என்பதுதான் நமது கேள்வியே. ஆனால் புராசசருக்கு நாம் வைத்த "செயலி"யை ஆப் பிடுங்கிக்கொண்டது. "வேறு செயலிக்கான பொதி" என்று நான் எழுதினால் பாதிப் பேர் கைபேசியை எடுத்துப் பார்ப்பார்கள். ஆகவே புராசசர் என்றே எழுதுகிறேன். கோபிக்க வேண்டாம்.

செப்டம்பர் 16, இரவு 10.40

நேற்று அடைவைப் பற்றி அளந்துவிட்டு உண்மையான விஷயத்தை விட்டுவிட்டேன். கோப்புகளை எங்கே வைப்பது என்பது இதில் சுலபமான பாதி. யாருடைய தேவையை யார் நிறைவேற்றலாம் என்பது கடினமான பாதி. நிறுவிகளின் பிகு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் ஐ386 டிரைவர் இரண்டு பேரைக் கேட்கிறது என்று வையுங்கள்: சி லைப்ரரியான லிப்சி6, பிறகு எழுத்தை மாற்றித் தரும் செட் என்ற சின்ன நிரல். 64-பிட் லிப்சி6 இதற்குப் பயன்படாது, ஒரே நிரலின் நினைவகத்துக்குள் இரண்டு வகையும் கலக்காது. ஆனால் செட்? டிரைவரின் ஷெல் ஸ்கிரிப்ட் அதைத் தனி நிரலாகக் கூப்பிடுகிறது, எழுத்தைக் கொடுக்கிறது, எழுத்தை வாங்குகிறது. அந்த செட் 64-பிட்டா 32-பிட்டா என்று யாருக்கு என்ன? இரண்டுக்கும் "எனக்கு இது வேண்டும்" என்று ஒரே மாதிரி வரிதான் எழுதியிருக்கிறது. நிறுவி எப்படிப் பிரித்துப் பார்க்கும்?

அதற்குத்தான் பொதிகளில் மல்டி-ஆர்க் என்ற வரி வந்தது. லிப்சி6 தன்னைப் பற்றி "சேம்" என்கிறது: என் பல வகைகளை ஒன்றாக நிறுவலாம், ஆனால் என் வகைக்காரருக்கு மட்டுமே நான் உதவுவேன். செட் "ஃபாரின்" என்கிறது: நான் ஒருவன்தான் இருப்பேன், எந்த வகைக்காரர் வந்தாலும் உதவுவேன். இந்த வரியே இல்லாத பொதி தன் வகைக்காரருக்கு மட்டும் உதவும், இன்னொரு வகையோடு சேர்ந்தும் இருக்காது.

பெர்ல் மொழிதான் குழப்பம். ஸ்கிரிப்டை ஓட்ட பெர்ல் கேட்பவருக்கு எந்த வகையும் சரி. சி மொழியில் எழுதிய துணைத் தொகுதியை பெர்லுக்குள்ளேயே ஏற்றுபவருக்கு அதே வகை பெர்ல் கட்டாயம். பெர்ல் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்ள முடியும்? எதைச் சொன்னாலும் பாதிப் பேருக்குத் தவறு. ஆகவே அது "அலவ்டு" என்று மட்டும் எழுதிவைக்கிறது. கேட்பவர் "பெர்ல், எந்த வகையானாலும்" என்று பெயருக்குப் பின்னால் முக்காற்புள்ளி எனி போட்டுக் கேட்க வேண்டும். பொறுப்பைக் கேட்பவர் தலையில் கட்டிய இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். அவருக்குத்தான் தெரியும், அவரே சொல்லட்டும்.

செப்டம்பர் 17, மதியம் 1.30

கேட்டவர் பிழைச் செய்தியை அனுப்பியிருக்கிறார். டிரைவருக்கு அந்தப் பொதுக் கோப்புப் பொதி வேண்டுமாம். அதை ஏற்கெனவே நிறுவியும் இருக்கிறார். ஆனாலும் ஆப்ட் அதன் பெயருக்குப் பின்னால் ஐ386 என்று சேர்த்து "நிறுவ இயலாது" என்கிறது. "அது எல்லா வகைக்குமான பொதி என்று அதிலேயே எழுதியிருக்கிறதே!" என்று ஆச்சரியக்குறி வேறு.

நானும் இதில் விழுந்து எழுந்தவன். ஆர்க்கிடெக்சர்: ஆல் என்ற வரிக்கு "எங்கேயும் நிறுவலாம்" என்றுதான் பொருள், "எல்லாருக்கும் உதவுவேன்" என்றல்ல. சார்புக் கணக்குப் பார்க்கும்போது ஆல் பொதியைக் கணினியின் சொந்த வகையாகவே கருதுவார்கள், இங்கே ஏஎம்டி64. ஐ386 டிரைவர் கேட்டால் கைவிரித்துவிடும். வெறும் படங்களும், பிரிண்டரை விவரிக்கும் பிபிடி கோப்புகளும் உள்ள பொதியிலும் மல்டி-ஆர்க்: ஃபாரின் என்று ஒரு வரி இருந்தாக வேண்டும். செய்த நிறுவனம் அதை எழுதவில்லை.

வழி: டிபிகேஜி-டெப் கட்டளையில் பெரிய ஆர் விருப்பம் போட்டு அந்தப் பொதுப் பொதியை ஓர் அடைவில் பிரியுங்கள். டெபியன் என்ற உள் அடைவில் கண்ட்ரோல் கோப்பு இருக்கும். ஆர்க்கிடெக்சர் வரிக்குக் கீழே அந்த ஒற்றை வரியைச் சேருங்கள். பி விருப்பம் போட்டு மறுபடி கட்டுங்கள். முதலில் இதை நிறுவி, பிறகு டிரைவர்.

செப்டம்பர் 17, மதியம் 1.45

அச்சுக்கான லைப்ரரியை லிப்கப்ஸ்2 என்று கேட்டால் ஆப்ட் லிப்கப்ஸ்2டி64 என்று வேறு பெயரை எடுத்துக்கொள்கிறதே என்றும் கேட்டிருந்தார். அது சரிதான், விடுங்கள். 32-பிட்டில் எண்ணும் நேரம் 2038ஆம் ஆண்டில் நிரம்பி வழிந்துவிடும் என்ற பிரச்சினைக்காக 32-பிட் வகைகளில் நேரத்தின் அளவை 64-பிட் ஆக்கியபோது லைப்ரரிகளுக்கு வைத்த வால் அது. ஐ386இல் மட்டும் நேரத்தை மாற்றவில்லை, உங்கள் டிரைவரைப் போன்ற பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பதால். பெயர் மாறியது, உள்ளே அதே ஆள்.

செப்டம்பர் 19, இரவு 11.55

சேம் பொதிகளுக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. இரண்டு வகையும் ஒரே பதிப்பில் இருக்க வேண்டும், ஒரு புள்ளிகூட வேறுபடக் கூடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

ஓரிடத்தில் 12 கணினிகள் என் பொறுப்பில் இருந்தன. இணையச் செலவை மிச்சம் பிடிக்க, உள்ளேயே ஒரு பொதிக் களஞ்சிய நகல் வைத்திருந்தேன். ஏஎம்டி64 தினமும் இரவில் புதுப்பிக்கப்படும். ஐ386இல் நாலு லைப்ரரிதானே என்று அதை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியிருந்தேன். ஒரு வியாழனன்று சி லைப்ரரிக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. 64-பிட் புதியது, 32-பிட் பழையது. ஆப்ட் நியாயமாக நடந்துகொண்டது, "நிறுத்திவைக்கப்பட்டவை" என்று பட்டியல் போட்டுவிட்டுச் சும்மா இருந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. 12 கணினிகளுக்கும் ஃபுல்-அப்கிரேடை, எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்று பதில் சொல்லும் விருப்பத்தோடு, ஒரு லூப்பில் ஓட்டினேன். பதிப்பு பொருந்த வேண்டுமென்றால் அதற்கு ஒரே வழிதான் இருந்தது: 32-பிட்டை நீக்குவது. 32-பிட் சி லைப்ரரி போயிற்று, அதைப் பிடித்துக்கொண்டிருந்த டிரைவரும் போயிற்று. நீக்கப்படுபவை என்று திரையில் எழுதிக்காட்டித்தான் செய்தது, படிக்க யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் தொலைபேசி.

செப்டம்பர் 20, காலை 8.20

அதே குடும்பத்தில் ஒரு சின்ன வேதனை. ஒரு லைப்ரரியை நானே ஏஎம்டி64, ஐ386 இரண்டுக்கும் கையால் பொதி கட்டினேன், சேம் என்று பெருமையாக எழுதினேன். இரண்டாவதை நிறுவும்போது டிபிகேஜி மறுத்தது: டாக் அடைவிலுள்ள, மாற்றங்களைக் குறித்துவைக்கும் சேஞ்ச்லாக் கோப்பு மற்ற வகையிலிருந்து வேறுபடுகிறதாம். இரண்டு வகைக்கும் பொதுவான கோப்பு பைட் மாறாமல் இருந்தால்தான் பங்கு போட விடும். அவிழ்த்துப் பார்த்தால் இரண்டிலும் அதே எழுத்து. கோப்புகளை ஒப்பிடும் சிஎம்பி போட்டேன், 5ஆவது பைட் வேறு. அந்தக் கோப்பைச் சுருக்கிய ஜிஜிப் தன் தலைப்பகுதியில் 5 முதல் 8 வரையுள்ள பைட்டுகளில் கோப்பின் நேரத்தை எழுதிவைக்கிறது. நான் இரண்டையும் ஒரு நிமிட இடைவெளியில் கட்டியிருந்தேன். ஜிஜிப்புக்கு என் விருப்பம் கொடுத்தால் நேரத்தை எழுதாது. என் என்றால் ஆங்கில எழுத்து என், என்னுடைய விருப்பமல்ல.

செப்டம்பர் 20, இரவு 9.30

ஆர்ம் புராசசர் உள்ள ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி பற்றி இன்னொருவர் கேட்டார், அங்கேயும் என் கை சுட்டிருக்கிறது. நண்பரின் கடைகளுக்காக ஒரு நிறுவும் ஸ்கிரிப்ட் எழுதினேன். யூநேம் கட்டளையை எம் விருப்பத்துடன் கேட்பது, ஏஆர்ச்64 என்றால் 64-பிட்டுக்கான ஆர்ம்64 பொதி, இல்லையென்றால் 32-பிட்டுக்கான ஆர்ம்எச்எஃப். நன்றாக ஓடியது. 2023இல் பை 4இல் 32-பிட் அமைப்பைப் புதுப்பித்தபின் திடீரென்று எல்லாம் "பொருந்தவில்லை". 32-பிட் அமைப்பு வைத்திருப்பவர்களுக்கும் 64-பிட் கெர்னலை இயல்பாக ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். யூநேம் சொல்வது கெர்னலின் வகை. மேலே ஓடுகிற அத்தனை நிரலும் 32-பிட். டிபிகேஜியைக் கேட்டிருந்தால், பிரின்ட்-ஆர்க்கிடெக்சர் என்று, ஆர்ம்எச்எஃப் என்று உண்மையைச் சொல்லியிருக்கும்.

இணையத்தில் கிடைக்கும் நிறுவும் ஸ்கிரிப்டுகளில் இன்றும் இந்த யூநேமைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் எழுதியவருக்கு ஒரு கடிதம் எழுதத் தோன்றும், எழுதுவதில்லை.

செப்டம்பர் 20, இரவு 9.50

பெயர் வைப்பதில் விண்டோஸை மட்டும் யாரும் மிஞ்ச முடியாது. 64-பிட் விண்டோஸில் சிஸ்டம்32 அடைவில் இருப்பவை 64-பிட் கோப்புகள். சிஸ்வாவ்64 அடைவில் இருப்பவை 32-பிட். காரணம் இருக்கிறது, பழைய நிரல்களில் பாதை பொறித்து எழுதப்பட்டிருந்தது. ஆனாலும்.

செப்டம்பர் 22, இரவு 10.05

15ஆம் தேதிக் குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் உபுண்டு 24.04இல் ஆர்ம்64ஐச் சேர்த்திருக்கிறார். ஆப்ட் அப்டேட் முழுக்க 404, அதாவது "அந்த முகவரியில் ஒன்றுமில்லை" என்ற பிழை. நான் டெபியன் என்று சொன்னதை உபுண்டுவுக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார், நானும் எச்சரிக்கவில்லை. டெபியனில் அதிகாரபூர்வ வகைகள் எல்லாம் ஒரே களஞ்சியத்தில். உபுண்டு 24.04இல் ஏஎம்டி64, ஐ386 ஆர்க்கைவ் சர்வரிலும், ஆர்ம்64 போர்ட்ஸ் சர்வரிலும். களஞ்சிய முகவரி எழுதியிருக்கிற மூலக் குறிப்பில் ஆர்க்கிடெக்சர்ஸ்: ஏஎம்டி64 என்று வரம்பு போட்டுவிட்டு, போர்ட்ஸுக்குத் தனியாக ஒரு குறிப்பு, அதில் ஆர்ம்64 மட்டும்.

ஆனால் அதன் பிறகும் ஆர்ம் நிரல் இன்டெல்லில் ஓடாது, ஆர்ம் புராசசரைப் போல நடிக்கும் கியூஇஎம்யூவும், ஆர்ம் நிரலை அதனிடம் அனுப்பும் பின்எஃப்எம்டியும் இருந்தாலொழிய. நிறுவுவது வேறு, ஓடுவது வேறு. நிறுவிய பின் ஓட வேண்டிய ஸ்கிரிப்ட் தன் பொதியிலுள்ள ஆர்ம் நிரலையே கூப்பிட்டால் நிறுவலும் பாதியில் நிற்கும். ஒரு வகைக் கணினியில் இன்னொரு வகைக்கான நிரலைத் தொகுப்பதற்கு லைப்ரரி மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

செப்டம்பர் 23, காலை 6.50

"ஐ386 செத்துவிட்டது என்கிறார்களே, இதையெல்லாம் இன்னும் எதற்குக் கட்டி அழுகிறீர்கள்?" என்று ஒருவர். 2019 ஜூனில் உபுண்டு 19.10இல் ஐ386 பொதிகளே இருக்காது என்று அறிவித்தார்கள். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தரப்பிலிருந்து அப்படியானால் 19.10ஐ ஆதரிக்க மாட்டோம் என்று பதில் வந்தது. பழைய விளையாட்டுகளுக்கும், விண்டோஸ் நிரலை லினக்ஸில் ஓட்டும் வைனுக்கும் 32-பிட் லைப்ரரிகள் வேண்டியிருந்தன. சில நாட்களிலேயே தேர்ந்தெடுத்த பொதிகளை வைத்துக்கொள்கிறோம் என்று இறங்கிவந்தார்கள். போன மாதம் வந்த டெபியன் 13இல் ஐ386க்குக் கெர்னல் இல்லை, நிறுவி இல்லை. 64-பிட் கணினியில் விருந்தாளியாக மட்டும் இருக்கலாம். சொந்த வீட்டை இடித்த பிறகும் திண்ணையில் இடம் இருக்கிறது, அந்த ஆர்க் கோப்பின் இரண்டாவது வரியில்.

செப்டம்பர் 25, இரவு 8.15

பிரிண்டர் ஓடுகிறதாம். பில்லின் மேல்பகுதி இரண்டு வரி கீழே இறங்கி அச்சாகிறதாம். அது தாள் அளவு, இந்த இழையின் பாவம் அல்ல.

புது பிரிண்டர் வாங்கியபின் ஐ386ஐ எப்படி எடுப்பது என்று கேட்டிருக்கிறார். ரிமூவ்-ஆர்க்கிடெக்சர் இருக்கிறது, ஆனால் ஒரே ஒரு ஐ386 பொதி மிச்சமிருந்தாலும் "பயன்பாட்டில் உள்ளது" என்று மறுக்கும். முதலில் டிபிகேஜியின் எல் பட்டியலில் ஐ386 என்று முடிபவற்றை மட்டும் பாருங்கள். அவற்றை ஆப்டில் பர்ஜ் செய்யுங்கள், அதாவது அமைப்புக் கோப்புகளோடு சேர்த்து நீக்குங்கள். நீக்கப்படுபவை என்று அது காட்டும் பட்டியலில் ஐ386 ஒட்டாத பெயர் ஏதாவது இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். "ஆம்" என்பதைக் கையால் தட்டுங்கள்.